நம்ம தோட்டத்து டாக்டர்

நவமணி அதிர்ந்து பேசாதவள். ஈப்போவில் நாங்கள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுடையது. ஓட்டைக் கையுறையைக் கண்டுபிடித்து ஒதுக்குவது எங்கள் வேலை. சூப்பர்வைசர் கத்தினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். "கத்திட்டுப் போறான் லா நஸீராக்கா, அவனுக்கு மேல ஒருத்தன் கத்தியிருப்பான்" என்பாள். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் வராது. வாப்பாவின் சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவள் நான். சாப்பிட வந்தவர்களையே அதட்டிப் பழகியவள்.

அவள் பிறந்தது பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அம்மா செல்லாயி அங்கே பால் வெட்டியவர். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். தோட்டத்துச் சனம் ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் என்று சிதறியது. மிஞ்சியவை ஒரு வாட்ஸ்அப் குழு, வருடத்துக்கொரு முறை மண்டபம் எடுத்து நடத்தும் ஒன்றுகூடல் விருந்து, அப்புறம் டாக்டர் தமயந்தி.

தமயந்தியும் அந்தத் தோட்டத்து லயத்தில் குடியிருந்த பால்வெட்டுக்காரரின் மகள்தான். மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது தோட்டமே கோயிலில் தேங்காய் உடைத்ததாம். இப்போது ஈப்போவில் பெயர்போன மகப்பேறு மருத்துவர். அவர் பெயரைச் சொன்னாலே அந்த மக்களுக்கு நெஞ்சு நிமிரும். நிமிரட்டும், அதில் தப்பில்லை.

நவமணிக்கு முதல் பிள்ளை உண்டானபோது வேறு டாக்டரைப் பற்றிய பேச்சே எழவில்லை. அவளுக்கும் ஆசைதான். பிரசவ அறைக்குள் வலியில் துடிக்கும்போது தமிழில் நாலு வார்த்தை சொல்ல, நம்ம தோட்டத்து அக்கா ஒருத்தி இருப்பாள் என்று நம்பினாள்.

நடந்ததை அவள் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து, கேன்டீனில். டாக்டர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுச் சோதித்தார். கூட வந்த பயிற்சி டாக்டர்களையும் ஒருவர் பின் ஒருவராகச் சோதிக்கச் சொன்னார். இவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாதி மிஸிகளிடம் மட்டும் மலாயில் சிரித்துச் சிரித்துப் பேசினார். நவமணி அவர் கையைப் பிடித்து, "அக்கா, கொஞ்சம் நிறுத்துங்கக்கா, தாங்கல" என்றாள். தொடையில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"யாருடி ஒனக்கு அக்கா? புருஷன்கிட்ட போறப்பவும் இப்படித்தான் கத்துனியா? கால விரிடி!"

அந்த அறையில் அவர் பேசிய முதல் தமிழ் அதுதான். தையல் போடும்போது மரப்பு ஊசி வேலை செய்யும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. "மரத்துப் போகல டாக்டர்" என்று இவள் அழுததற்கு, "நடிக்காத" என்றாராம். நாங்கள் பார்த்துப் பார்த்து அனுப்பிய கையுறையைப் போட்டுக்கொண்டுதான் அடித்தாரோ என்னவோ!

வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மாவிடம்தான் சொன்னாளாம். செல்லாயி அம்மா சிரித்தார். "நம்ம புள்ளடி அவ. உரிமையில ஒரு தட்டு தட்டியிருப்பா. வேத்தாளா இருந்தா தொடுவாளா?" என்றார். அதன் பிறகு நவமணி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வருடம் மறுபடியும் வயிற்றில் பிள்ளை. எட்டாம் மாதம். அவள் கணவன் தர்மா லோரி ஓட்டுபவன், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். எனவே செல்லாயி அம்மாவே முன்னால் நின்று, இவளைக் கேட்காமலே, அதே டாக்டரிடம் சொல்லி வைத்துவிட்டார். நவமணிக்குத் தூக்கம் போயிற்று. "வேற எடத்துக்குப் போயிருவேன்க்கா, அது பெருசில்ல. அம்மா ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'அவ செஞ்சது தப்பு'ன்னு சொல்லணும்" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் அம்மாவிடம் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றுகூடல் வந்தது. இந்த முறை டாக்டருக்குப் பாராட்டு. தர்மா வெளியூரில் இருந்ததால் நான்தான் அம்மாவையும் மகளையும் என் காரில் அழைத்துப் போனேன். மாலை, பொன்னாடை, கைத்தட்டல். டாக்டர் மைக்கைப் பிடித்தார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, நானே இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன்.

"நம்ம தோட்டத்துப் பொண்ணு ஒன்னு, என் கையப் புடிச்சுக்கிட்டு அக்கா அக்கான்னு ஒரே அழுக. தொடையில வச்சேன் பாருங்க ஒன்னு! புள்ள தானா வெளிய வந்துருச்சு!"

மண்டபமே சிரித்தது. பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எனக்கு அருகில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செல்லாயி அம்மா எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"டாக்டரம்மா! அது எம் மவதான்! இந்தா இருக்கா!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பின்னால் இருந்த ஒருவர் நவமணியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். டாக்டர் மேடையிலிருந்து கையசைத்தார். அதட்டிக் கேட்க எழப் போன என்னை நவமணி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

திரும்பும் வழியில் செல்லாயி அம்மா பின்னிருக்கையில் மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு, டாக்டர் தன்னை ஞாபகம் வைத்திருந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நவமணி முன்னால் இருந்தவள் திரும்பாமல் கேட்டாள்.

"அன்னைக்கு நீ கதவுக்கு வெளியதான நின்ன. நான் கத்துனது கேட்டுச்சாம்மா?"

"ஏன் கேக்காம? அடிச்ச சத்தமே கேட்டுச்சு."

"அப்புறம் ஏம்மா உள்ள வரல?"

"வந்தா டாக்டர் கோச்சுக்காதா? அது கோச்சுக்கிட்டா நாளைக்கு நம்ம ஆளுங்களுக்கு யாரு லா இருக்கா?"

நவமணி சாலையைப் பார்த்தபடியே, "அவங்க கோச்சுக்குவாங்கன்னு பயந்த. நான் கோச்சுக்குவேன்னு ஒனக்குப் பயமே இல்லயாம்மா" என்றாள்.

"நீ எதுக்குடி என்னைய கோச்சுக்கப் போற? நீ நான் பெத்த புள்ள" என்று செல்லாயி அம்மா சிரித்தார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அடுத்த மாதம் வலி கண்டபோது நவமணி போன் செய்தது எனக்கு. வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மலாய் மிஸி தொடுவதற்கு முன்னால், தொடலாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். நவமணி ஒவ்வொரு முறையும் அழுதாள்.

நடுவில், "அம்மாவுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"புள்ள பொறந்த பிறகு சொல்லிக்கலாம்க்கா" என்றாள்.