டேஷ்போர்டில் அறுத்த ஓட்டை

நைனா வாலிபத்தில் வாங்கிய லாரியில் ஸ்டீரியோ மாட்ட வேண்டுமென்றால் டேஷ்போர்டை அறுத்தாக வேண்டும். அதற்காக ஒரு வருடம் சண்டை போட்டேன். "தகரத்த அறுத்தா திரும்ப ஒட்டுமாடா?" என்று அதே கேள்வியைக் கேட்டு என் உயிரை வாங்கினார். கடைசியில் அவரிடம் சொல்லாமலே மீஞ்சூரில் அறுத்து மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, நண்டு எடுக்கத் தோணிரேவு கிராமத்துக்குள் பாட்டை அலறவிட்டபடி நுழைந்தேன். பக்கத்தில் நைனா உட்கார்ந்திருந்தார். வழக்கமாக எங்கள் இன்ஜின் சத்தம் கேட்டாலே பெண்கள் நண்டுக் கூடையோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அன்று எல்லார் கையிலும் குப்பை வாளி.

"இன்னாபா, நீயா? பாட்ட கேட்டுட்டு பஞ்சாயத்து குப்ப வண்டினு நெனச்சிட்டோம்" என்று சலித்துக்கொண்டார் கன்னியம்மா அக்கா.

பாட்டை நிறுத்தினேன். இன்ஜின் மட்டும் உறுமியது. அடுத்த தெருப் பெண்கள் நண்டுக் கூடையோடு வந்தார்கள்.

இப்போதெல்லாம் ஊர் எல்லையிலேயே ஸ்டீரியோவை அணைத்துவிடுகிறேன். நைனா அந்த ஓட்டையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "தகரம் ஒட்டிச்சாடா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்திருந்தால், நானும் ஏதாவது கத்திவிட்டு ஆறியிருப்பேன்.