டெனிஸின் உடைந்த தாடை

டெனிஸ் செத்துப்போனாள்.

இன்று காலை வேலையிலேயே விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

தெரியாதவர்களுக்கு: நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்த ஸ்பீச் தெரபிஸ்ட்; பேச்சுப் போனவர்களைத் திரும்பப் பேச வைக்கிறவள். கறுப்பின அமெரிக்கப் பெண், என் வயதுதான். அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய ஒரு கல்லூரியில் படித்து, கொரோனா காலம் முழுக்க அங்கேயே படிப்பித்துவிட்டு இங்கே வந்தவள்.

எங்களிடம் வந்த நோயாளி சிவம் அண்ணை லின்ஃபீல்டில் டெய்ரி, இங்கே தெருமுனைப் பலசரக்குக் கடையை அப்படித்தான் சொல்வார்கள், வைத்திருந்தார். கொள்ளையடிக்க வந்தவர்கள் சுத்தியலால் தலையில் அடித்ததில் பேச்சுப் போய்விட்டது. ஆங்கிலத்தில் டெஸ்ட் செய்தோம். ஒரு சொல்கூட வரவில்லை.

"இவர் வீட்டில் எந்த மொழியில் சண்டை பிடிப்பார்?" என்று டெனிஸ் கேட்டாள்.

"தமிழில்."

"அப்படியென்றால் தமிழில் கேள். ஒருவரின் வீட்டுப் பேச்சை நோயாக எழுதாதே என்பதுதான் எங்கள் கல்லூரியில் முதல் பாடம்."

குனிந்து, "அண்ணை, என்ன வேணும்? சொல்லுங்கோ" என்றேன்.

தலையைக் கையால் மூடிக்கொண்டார். "அடிக்காதை... ஐயோ, அடிக்காதை..."

டெனிஸ் அர்த்தம் கேட்டாள். சொன்னேன். டெஸ்ட் தாள்களை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் இருந்தாள். "ஒருத்தரும் அடிக்க மாட்டினம்" என்று என்னிடம் கேட்டுப் பழகி அவளே அவருக்குச் சொன்னாள். பயங்கர உச்சரிப்பு. அண்ணை சிரித்துவிட்டார்.

பிறகு அந்த பஸ்...

வேலை முடிந்து இருவரும் சிட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். நான் போனில், "ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்று கதைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இருந்தவன் எழும்பி, "இங்கிலீஷில் பேசு!" என்று கத்தினான். அடுத்த நொடி முகத்தில் குத்து. வாயெல்லாம் இரத்தம்.

டெனிஸ் நடுவில் பாய்ந்தாள். அவன் அவள் தலைமயிரைப் பிடித்து, கைப்பிடிக் கம்பியில் முகத்தை மோதினான். திரும்பவும் மோதினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பஸ் நிறைய ஆட்கள். ஒருவரும் எழும்பவில்லை. டிரைவர் நிறுத்திவிட்டு ஓடிவந்த பிறகுதான் விட்டான்.

தாடையைக் கம்பியால் கட்டினார்கள். மற்றவர்களைப் பேச வைக்கிறவள், வாய் திறக்க முடியாமல் வேலைக்கு வந்தாள்.

மனேஜர், "மீட்டிங்கில் அதை எடுக்க வேண்டாமே... எல்லாருக்கும் மனசு கஷ்டப்படும்" என்றார். டெனிஸ் எழும்பிப் போய் பலகையில் பெரிதாக எழுதினாள்: "எங்களை அடித்தார்கள். முதலில் அதைக் கதைப்போம். வேலை பிறகு."

ஏன் அப்படிச் செய்தாள் என்பதை எனக்கு போனில் டைப் பண்ணிக் காட்டினாள். கொரோனாவில் மாணவர்களின் வீடுகளில் சாவு. டிவியைப் போட்டால் பொலிஸ் கறுப்பர்களைக் கொல்கிற வீடியோ. "பாடத்தில் தொடங்கவே மாட்டோம். சாப்பிட்டாயா, யாரை இழந்தாய்... இதைக் கேட்காமல் யாருக்கு எதைப் படிப்பிக்கிறது?"

அந்த மீட்டிங்கில் நான் வாய்விட்டு அழுதேன். சமோவன் தோழி ஒருத்தி, ரயிலில் தன் முகத்தில் துப்பியவனைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். மனேஜர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் யூனிட்டில் எந்த நோயாளிக்கும் முதல் டெஸ்ட் வீட்டு மொழியில்தான். சண்டை பிடித்து வாங்கியவள் அவள்.

அடித்தவனுக்கு வீட்டுக்காவல். அவ்வளவுதான்.

அன்றைய அடிதான் காரணமா என்று டொக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்து சுவரில் ஓங்கிக் குத்தினேன். கை வீங்கிவிட்டது. எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள்.

அவள் அம்மாவுக்கு நான்தான் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்: "இப்போது என் பிள்ளைக்குப் பக்கத்தில் யார்?"

"நான் இருக்கிறேன் அம்மா."

"அவளைத் தனியே விட்டுவிடாதே."

அவள் கிடக்கிற அறை வாசலில் கதிரை போட்டு இருக்கிறேன்.

போய் வா, டெனிஸ்.