கட்டாத வயிறு

என் அம்மாவுக்கு உலகத்தில் உள்ள பெண்களெல்லாம் இரண்டே வகை. பிள்ளை பெற்றபின் வயிற்றைக் கட்டியவர்கள், கட்டாதவர்கள்.

மூத்தவன் பிறந்தபோது நான் முதல் வகையில் இருந்தேன். குளிப்பாட்டி முடித்ததும் என்னைச் சுவரைப் பிடித்து நிற்கவைத்து, அப்பாவின் பழைய வேட்டியை நீளவாக்கில் மடித்து, மூச்சு முட்ட இறுக்கிச் சுற்றுவாள். உட்கார்ந்தால் சோறு இறங்காது. "வயித்துல காத்து ஏறிட்டுன்னா ஆயுசுக்கும் எறங்காதுட்டி" என்பாள். இளையவள் பிறந்தது ஆபரேஷனில். தையல் மேல் எதுவும் கட்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் தொப்பைக்கு அவளிடம் ஒரே விளக்கம்தான்: கட்டாத வயிறு.

எனக்கும் அந்த விளக்கம் வசதியாகத்தான் இருந்தது. போன வருஷம் வயிறு மளமளவென்று பெரிதானபோது தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பாவாடைக்குப் பதிலாக இப்போது ஷேப்வேர் என்று ஒன்று வந்திருக்கிறதே, இடுப்பிலிருந்து முழங்கால் வரை கவ்விப் பிடித்துக்கொண்டு கீழே விரியுமே, அது. கடைப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒரு சைஸ் சின்னதா எடுங்கக்கா, அப்பதான் நல்லா அமுக்கும்" என்றாள். அதற்கு மேல் வயிற்றுப் பெல்ட்டும் வாங்கினேன். அம்மாதான் என் முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்துக் கொக்கி மாட்டிவிடுவாள். சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டில், "எளச்சிட்டியே, அப்படி என்ன சாப்பிடுத?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். முகமும் கையும் இளைத்துத்தான் போயிருந்தன. நான் பூரித்துப்போனேன். இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுவதற்கும் பெல்ட்தான் காரணம் என்று நினைத்தேன்.

சாரல் தொடங்கியதும் குற்றாலம் போனோம். அருவியில் பெண்கள் பக்கம் நைட்டியோடு வரிசையில் நின்றேன். பெல்ட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தண்ணீர் பட்டதும் நைட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்தாள். "பைய வாங்கம்மா, வழுக்கிரும். எத்தன மாசம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா முந்திக்கொண்டாள். "மாசமெல்லாம் இல்லம்மா. கட்டாத வயிறு."

அந்தப் பெண் விடவில்லை. கூச்சமே இல்லாமல் என் வயிற்றில் கைவைத்து அழுத்தினாள். "கல்லு மாதிரில்லா இருக்கு. தொப்பைன்னா இப்படி இருக்காதும்மா. டாக்டர்ட்ட காட்டுங்க."

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் புற்று. அது பரவி வயிறெல்லாம் நீர். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா புரிந்துகொள்ள மறுக்கிறாள்.

ஊசி போட்டு நீரை இறக்கிய அன்று வயிறு ஒட்டிப்போனது. அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நாளில் மறுபடி ஏறிவிட்டது. கட்டாததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, நானும் தொண்டை வற்றச் சொல்லியாகிவிட்டது. தலையாட்டுவாள். பிறகு, அன்றைக்கு டாக்டரம்மா பேச்சைக் கேட்டதுதான் தப்பு என்று அழுவாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது. சாகப்போவதும் நான், ஆறுதல் சொல்வதும் நானா?

நேற்று சாயங்காலம், நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஒனக்குப் பிள்ள பொறந்தா எந்த டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டேன். ஆச்சி கட்டித்தான் விடுவேன்."

மகள் சிரித்தாள். "அப்ப அம்மா என்ன செய்வா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒங்கம்மா பிள்ளையத் தூக்கி வச்சிருப்பா" என்றாள் அம்மா.

நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.