தை மாதத்துக்கு எடுத்துவைத்த பணம்

பதினைந்தாம் தேதி காலையில் எங்கள் தெருவுக்குத் திருடன் வந்தால் தாராளமாகப் புகுந்து விளையாடலாம். பெண்கள் ஒருத்தியும் வீட்டில் இருக்க மாட்டோம். அரசாங்கம் மாதாமாதம் பெண்கள் கணக்கில் போடுகிற ஆயிரம் ரூபாய் அன்றைக்குத்தான் விழும். போனில் மெசேஜ் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவி, நல்ல புடவையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு, உத்திரமேரூர் பஸ்ஸுக்கு நின்றுவிடுவோம். பேங்கு திறப்பதற்கு முன்பே வாசலில் எங்கள் வரிசை நிற்கும். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு சிரிப்பு கேட்காது.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் பயம். பணம் கணக்கிலேயே நின்றால், 'இவளுக்குத் தேவையில்லை போலிருக்கிறது' என்று மேலே இருப்பவர்கள் பெயரை வெட்டிவிடுவார்கள் என்பது எங்கள் தெருவின் முடிவு. பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு உண்மையிலேயே பணம் நின்றுபோயிற்று. என்ன காரணமோ, யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் இரண்டு மாதப் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போதாதா? அன்றிலிருந்து ஒரு ரூபாயை விட்டுவைக்காமல் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தோம். நானும்தான். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று பெயர், ஆனால் பயத்துக்குப் படிப்பு தெரியுமா?

எங்களுக்கு நிலம் கிடையாது. ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை நடவு, களை என்று ஊரில் வேலை ஓடும். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது. அதனால் பொங்கல் முடிந்த கையோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்கு லாரி ஏறிவிடுவோம். மழை தலைகாட்டிய பிறகுதான் திரும்புவது. புருஷன் பெண்டாட்டி ஜோடியாக இருந்தால்தான் கல் அறுக்க முடியும். ஒருவர் மண் குழைத்துக் கொடுக்க, ஒருவர் அச்சில் தட்ட வேண்டும். காய்கிற கல்லைத் திருப்பிப் போட மூன்றாவதாக ஒரு கை இருந்தால் இன்னும் நல்லது.

எங்கள் மூன்றாவது கை எங்கள் மகள். ஒவ்வொரு வருஷமும் தை பிறந்தால் அவளுடைய பள்ளிக்கூடம் அறுந்துபோகும். ஆனியில் போய்த் திரும்பவும் உட்காருவாள். சின்ன வகுப்புகளில் எப்படியோ தள்ளிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் பரீட்சை எழுதாமல் ஒரு வருஷமே வீணாயிற்று. மறு வருஷம் அவளுக்காக நான் ஊரில் தங்கினேன். வீட்டுக்காரர் தனியாகச் சூளைக்குப் போய், வாங்கிய முன்பணத்தைக்கூடக் கழிக்க முடியாமல் இளைத்துப்போய் வந்தார். அவள் பாஸானாள். பிளஸ் ஒன்னைப் பழையபடி எப்படியோ தள்ளினாள். அதற்கப்புறம் பிளஸ் டூ வந்து நின்றது. பரீட்சை பங்குனியில், லாரி தையில். நான் தங்கவும் முடியாது, அவளைக் கூட்டிப் போகவும் எனக்கு மனமில்லை. இந்த முறை அவள் படிப்பு அறுந்தால் அப்புறம் ஒட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் யாரும் ஆடியில் உட்கார்ந்து தையைப் பற்றி யோசித்ததில்லை. எப்படி யோசிப்பது? கூலி வந்தால் உண்டு, மழை பெய்தால் இல்லை. ஆனால் இந்த ஆயிரம் அப்படியில்லை. என்ன தேதியில் வரும் என்று தெரிந்து எங்கள் கைக்கு வந்த முதல் பணம் அதுதான். இனி தைவரை அதைத் தொடாமல் சேர்த்தால், நாங்கள் சூளையில் இருக்கும்போது மகள் ஊரிலேயே இருந்து பொங்கித் தின்று பரீட்சை எழுதிவிடலாம் என்று ஒரு நாள் களை பறிக்கும்போது தோன்றியது. அரிசி ரேஷனில் கிடைக்கும். மற்றதற்கு இது போதும். அன்று முழுக்க எனக்கு இடுப்பு வலியே தெரியவில்லை.

வீட்டில் வைத்தால் பணத்துக்குக் கால் முளைத்துவிடும். ஒரு காதுகுத்து மொய் போதும், காலி. பேங்கிலேயே கிடக்கட்டும் என்று முடிவு செய்தேன். வெட்டிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதனால் மாதம் ஒரு நூறு ரூபாயை எடுத்தேன். 'நானும் எடுக்கிறேன் பாருங்கள்' என்று அரசாங்கத்துக்குக் காட்டுவதற்கு. நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள். எங்கள் நடவுக் கூட்டத்துக்கே தலைவி அவள். மூட்டுவலி வந்ததிலிருந்து சூளைக்கு வருவதில்லை. ஆனால் குரலுக்கு எந்த வலியும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனுக்கு இன்னா கொழுப்பு? துட்ட உள்ளயே வுட்டுட்டு வர்ற? நீ ஒருத்தி பண்றதுக்கு எங்க எல்லார் பேரையும் சேத்து வெட்டிட்டான்னா?"

"என் துட்டு, நான் வெச்சிக்கினு கீறேன். உனுக்கு இன்னா நோவுது?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்கப்புறம் ஒரே களத்தில் நின்றாலும் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு பதினைந்தாம் தேதி வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் போன் சத்தம் கேட்டது. என் போன் வாயைத் திறக்கவில்லை. மதியம்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் ஆயிற்று. "அவ பேர வெட்டிட்டாங்க" என்று தெருமுனையில் பேச்சு எழுந்தது. பேங்குக்குப் போய்க் கேட்கலாம்தான். ஆனால் கேட்கப் போனால், வெட்டாமல் மறந்திருந்தவர்களும் ஞாபகம் வந்து வெட்டிவிடுவார்கள் என்று பயந்துகொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

அந்த வாரம்தான் சூளை மேஸ்திரி முன்பணம் கொடுக்க ஊருக்கு வந்தார். வெற்றிலை பாக்கின் மேல் பணத்தை வைத்து நாலு பேர் பார்க்கக் கொடுப்பார். வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. இரண்டு ஆள் என்றுதான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். என் வீட்டுக்காரர் மூன்று ஆளுக்கு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"துட்டு நின்னுபோச்சி இல்ல? வயசுப் பொண்ண இன்னாத்த நம்பி இங்க வுட்டுட்டுப் போறது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை அடங்கவில்லை.

மகள் அழவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னையும் பஸ்ஸில் ஏற்றினாள். "வெட்டிட்டாங்கன்னா வெட்டிட்டாங்கன்னு தெரிஞ்சிக்கலாம் வா," என்றாள். பேங்கில் புத்தகத்தை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர், "பணம் அன்னிக்கே வந்துடுச்சேம்மா," என்றார். "போன்ல ஒண்ணும் வரலியே சார்," என்று போனைக் காட்டினேன். மகள் என் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தட்டினாள்.

"யம்மா, நீ ரீசார்ஜ் போட்டியா?"

போடவில்லை. அந்தக் காசையும் மிச்சம் பிடிப்போம் என்று விட்டிருந்தேன். போன் செத்துப் போனால் மெசேஜும் வராது என்று யார் கண்டது? மானம் போனது போனதுதான், அதையும் கேட்டுவிடுவோம் என்று, "சார், எடுக்காம வெச்சிருந்தா பேர வெட்டிருவாங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "உங்க பணம். சேத்து வெச்சா யாரும்மா வெட்டப் போறாங்க?" என்றார். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை மாதமாக நாங்கள் யாரும் இதை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

மகளுக்கென்று வாங்கிய முன்பணம் அன்றைக்கே கடைக் கடனுக்குப் போயிருந்தது. அந்த அளவுக்குச் சேர்த்ததிலிருந்து எடுத்துக்கொண்டு, நேராகப் பக்கத்து ஊரில் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் பணத்தைத் தொடவில்லை. "கோச்சிக்காதம்மா. வெத்தல மேல வாங்குனது உன் வூட்டுக்காரன். அவன் வந்து குடுத்தா வாங்கிக்கிறேன்," என்றார்.

வீட்டுக்காரர் முன்னால் பணத்தை வைத்தேன். எண்ணிப் பார்த்தார்.

"நாலு பேரு பாக்க வாங்குனதுடி. இப்பப் போயி இன்னான்னு சொல்றது?"

"என் பொண்டாட்டி போனுக்கு ரீசார்ஜ் போடாத கூமுட்டன்னு சொல்லு."

அவர் சிரிக்கவில்லை. "ராத்திரில தனியா கெடக்குமே பொண்ணு," என்றார். அவருடைய பயம் மேஸ்திரியைப் பற்றியது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடமும் அதே பயம்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தடுப்புதான். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் காது கேட்கும். என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த அக்கா அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"நான் வந்து படுத்துக்கிறேன்யா. சும்மா சும்மா பேஜார் பண்ணாத. போய்க் குடுத்துட்டு வா."

கொஞ்ச நேரம் கழித்து என்னிடமும் கேட்டாள். "ஏண்டி, எடுக்காம வெச்சா நெஜமாவே வெட்ட மாட்டாங்களா?"

வீட்டுக்காரர் மறுநாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். மேஸ்திரி என்ன சொன்னார், நாலு பேர் என்ன சொன்னார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "ரெண்டு ஆளுதான்," என்றார். சேர்த்த பணத்தில் பெரும்பகுதி அதோடு போயிற்று. போகட்டும், அடுத்த பதினைந்தாம் தேதிக்கு எப்படியும் வரும் என்று தைரியமாக இருந்தேன். எங்கள் பிழைப்பில் அந்தத் தைரியம் புதிது.

தையில் லாரி வந்தது. அண்டா, பாய், அடுப்பு எல்லாம் ஏற்றினோம். மற்ற வருஷங்களில் முதலில் மகளைத்தான் தூக்கி மூட்டைகளின் மேல் உட்கார வைப்போம். அன்றைக்கு அவள் யூனிஃபார்மில், இரட்டைப் பின்னலோடு வாசலில் நின்றாள். ஏடிஎம் கார்டு அவள் புத்தகப் பையில் இருந்தது. வீட்டுக்காரர் அவள் பக்கம் பார்க்காமல் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய கயிற்றையே திரும்பவும் கட்டினார்.

லாரி உறுமியது.

"போய்ட்டு வாம்மா. போய்ட்டு வாப்பா," என்றாள்.

ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் வீட்டில் இருக்கிறவர்கள் சொல்கிற வார்த்தைதான். ஆனால் நாங்கள் ஜோடியாக லாரி ஏறும்போது அதைச் சொல்ல இத்தனை வருஷமாக ஆள் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் இருக்கிற எல்லோருமே லாரியில் ஏறிவிடுவோம். "வர்றேன்டி" என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன்.