ஆப்பிள் மலையில் அப்பா

இமாசலப் பிரதேசத்துக்கு நாங்கள் போனது ஆப்பிள் பார்க்க அல்ல, அக்காவைப் பார்க்க. ஆனாலும் இன்று கண்ணை மூடினால் அக்காவுக்கு முன்னால் ஆப்பிள்தான் வந்து நிற்கிறது. பனிமூட்டத்துக்குள் மரமே தெரியாமல் பழம் மட்டும் சிவப்பாகத் தொங்கும். எட்டிப் பறிக்கலாம் போலிருக்கும், கையை நீட்டினால் எட்டாது.

எண்பதுகளின் கடைசி, ஆவணி மாதம். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அக்கா நர்ஸ் படித்து, வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் வேலைக்குப் போய், அங்கே காலில் அடிபட்டுப் படுத்திருந்த ஒரு மலைநாட்டுப் பட்டாளத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தகவலே வந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். அதன் பிறகு அவள் பெயரைச் சொல்லவே இல்லை. பேத்தி பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகும் சொல்லவில்லை.

அம்மா விடுவாளா? அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆண்டாளிடம் கேட்டது கிடைக்காமல் போகாது என்று நம்புகிறவள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போய் கோயிலில் கேட்டுவிட்டு வருவாள், வந்த சூட்டோடு அப்பாவிடம் சண்டை போடுவாள். கடைசியில் அப்பா கொஞ்சம் இறங்கினார்.

"வாரேன். ஆனா பேசமாட்டேன். பேசுங்க பேசுங்கன்னு என்னைய யாரும் நச்சரிக்கக் கூடாது."

பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய விரதமும் இல்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பது அவர் தொழில். பூவைப் பார்த்தே காயைச் சொல்லிவிடுவார். மரத்தடியில் நின்று முணுமுணுப்பதில் பாதிகூட வீட்டில் எங்களிடம் பேசியதில்லை.

ரயில், பிறகு இன்னொரு ரயில், பிறகு மலைப்பாதையில் தலைசுற்ற வைக்கும் பஸ். நான் தூங்கி விழித்து, விழித்துத் தூங்கி, எது கனவு எது ஜன்னல் என்று தெரியாமல்தான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஊர் மலை எப்போதும் மேற்கே தள்ளி நிற்கும், அதன் மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். இங்கே நாங்களே மலைமேல் இருந்தோம். மேகம் காலடியில் கிடந்தது. அதற்குள்ளிருந்து யாரோ மாட்டைக் கூப்பிடும் சத்தம் மட்டும் வந்தது.

பஸ் நின்ற இடத்தில் அக்கா நின்றாள். தலையில் ஒரு ஸ்கார்ஃப், கன்னமெல்லாம் சிவந்து, அந்த ஊர்க்காரியாகவே இருந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டபோதுதான் எங்கள் அக்காவானாள். அப்பா அவளைத் தாண்டிப் போய், பின்னாலிருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தப் பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பியிருப்பேன்.

அது கல்லும் மரமும் சேர்த்துக் கட்டிய வீடு. கீழே மாடு, மேலே மனிதர்கள். சுற்றிலும் சரிவு முழுக்க ஆப்பிள் மரங்கள். பாரம் தாங்காத கிளைகளுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். காலையில் பனி விலக விலக ஒவ்வொரு வரிசையாக மரங்கள் வரும், சாயங்காலம் ஒவ்வொன்றாகப் போய்விடும். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பேத்திக்கு நான்கு வயது. தமிழில் 'பால்', 'வா', 'போ' மூன்றும் தெரியும். அதை வைத்தே என்னை நாள் முழுக்க ஆட்டி வைத்தாள். லீவில் வந்திருந்த அத்தான், ஒரு காலை லேசாக இழுத்து நடந்தபடி, அப்பா உட்காரும் இடத்திலெல்லாம் கணப்பை நகர்த்தி வைத்தார். அப்பா குளிர் காய்ந்தார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தானின் அப்பாவுக்கும் எங்கள் அப்பாவுக்கும் ஒரு வார்த்தைகூடப் பொது இல்லை. வட்டத் தொப்பி போட்ட அந்தப் பெரியவர் முன்னால் போவார். வேட்டிமேல் ஸ்வெட்டரும் தலையில் உருமாலுமாக அப்பா பின்னால் போவார். இருவரும் மரம் மரமாக நிற்பார்கள். திரும்பி வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார்: "மனுசன் நல்ல சம்சாரி. ஒரு கொப்பு ஒடியல பாரு." எங்கள் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி.

அந்தத் தெம்பில் அம்மா அன்றைக்கே பேச்சை எடுத்துவிட்டாள். வைகாசியில் மாம்பழம் வரும்போது பிள்ளைகளை ஊருக்குக் கூப்பிடலாமா? அப்பா அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார், அக்கா இரண்டு முழம் தள்ளி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அவளும் பிள்ளையும் வரட்டும். ரெண்டு பேரு. வேற ஒருத்தரும் என் வாசல்ல கால் வைக்க வேண்டாம்."

அக்காவும் அம்மாவைப் பார்த்தே சொன்னாள். "வந்தா மூணு பேருமாத்தான் வருவோம். இல்லன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன். அவியகிட்ட சொல்லிருங்க."

அம்மா யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் சுட்ட ரொட்டியை அடுக்கினாள். வைகாசி போனால் அத்தானுக்கு அடுத்த லீவு எப்போதோ, எந்த எல்லையில் போடுவார்களோ. இந்தமுறை விட்டால் அக்கா நம் வாசலை மறந்துவிட வேண்டியதுதான் என்று அம்மா இரவெல்லாம் புலம்பினாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் பழ வியாபாரி ஒருவர் மலையேறி வந்தார். தோப்பு விளைச்சலை மொத்தமாக வாங்குகிறவர். முற்றத்துக் கட்டிலில் அவரும் பெரியவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியவர் தன் சால்வையை எடுத்து இருவர் கைகளையும் மூடினார். பேச்சு நின்றது. சால்வைக்குள் கைகள் மட்டும் அசைந்தன.

அப்பா எழுந்தே விட்டார். "ஏட்டி, இங்க பாரு! இவியளும் துண்டு போட்டுப் பேசுதாவ!" மதுரையில் ரயில் ஏறியதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் பக்கமும் தோப்பு பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. சம்மதம் என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உதறிவிட்டுத் தன் கணக்கைப் பிடித்துக் காட்ட வேண்டும். அக்கா சின்னவளாக இருந்தபோது அப்பாவோடு தோப்புக்குப் போய் இதைப் பழகிக்கொண்டாள். மிட்டாய் வேண்டுமென்றால்கூடத் துண்டைப் போட்டுத்தான் கேட்பாள். நான் பிறந்து கைநீட்டும் வயது வருவதற்குள் அப்பாவுக்கு விளையாட்டு அலுத்துவிட்டது. அதில் எனக்கு இன்றும் பொறாமை உண்டு.

வியாபாரி பேசி முடித்துப் போனார். டீ குடித்த கிளாஸ்களை அக்கா எடுக்க வந்தாள். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு, கையை அவள் பக்கம் நீட்டினார்.

அக்கா கிளாஸ்களை அப்படியே தரையில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டாள். அப்பா வியாபாரத்தில் உட்காரும் முகத்தோடு தூரத்து மலையைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். துண்டு அசைந்தது. அக்கா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். அப்பா கையை எடுக்கவில்லை. அத்தான் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவரைப் பற்றித்தான் நடக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? அக்கா மறுபடி கையைக் கொடுத்தாள். துண்டு மறுபடி அசைந்தது, பிறகு அசையாமல் வெகுநேரம் கிடந்தது. பனி மரங்களை ஒவ்வொரு வரிசையாக மூடிக்கொண்டு வந்தது. எனக்கு அது முடியவே வேண்டாம் போலிருந்தது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார்.

"என்னட்டி கேட்டாவ? என்ன முடிஞ்சுது?" என்று அம்மா அக்காவைப் பிடித்து உலுக்கினாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிளாஸ்களை எடுத்தாள். துண்டுக்குள் பேசியதை மூன்றாம் ஆளிடம் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. அப்பனுக்குத் தப்பாத மகள்.

மறுநாள் காலை அத்தான் எங்கள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஏறி வந்தார். காலை இழுத்துக்கொண்டு அவர் ஏறுவதைப் பின்னாலிருந்து அப்பா பார்த்துக்கொண்டே நடந்தார். பஸ் புறப்பட்டபோது அக்கா அம்மாவின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்திருந்தாள். பிறகு அவளும் இல்லை, தோப்பும் இல்லை, வெறும் வெள்ளை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நிறைய வளைவுகள் இறங்கிய பிறகு அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஊருக்குப் போனதும் மாடி ரூம்ல கெடக்க வைக்கோலை எல்லாம் வெளிய எடுக்கணும்."

அம்மா அழுகைக்கு நடுவே எரிந்து விழுந்தாள். "இப்ப அது ஒண்ணுதான் கேடு. வைக்கோல எடுத்துட்டா மாங்காய எங்க பழுக்கப் போடுவீய?"

"கீழ போட்டுக்கிடலாம்," என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "மேல மூணு பேரு படுக்கணும்லா."