சுரங்கம் இல்லாத தீவுக்கு பூட்ஸ்

வங்கியில் ஏற்றுமதிப் பிரிவு என்றால், சரக்கைக் கண்ணால் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் அந்த வேலையைப் பார்த்தேன். நிறவெறி அரசு என்பதால் தென் ஆப்பிரிக்காவோடு வியாபாரமே கூடாது என்று நம் நாடும் வேறு பல நாடுகளும் தடை போட்டிருந்த காலம்.

நண்டு

குரோம்பேட்டை தணிகாசலம் எங்கள் பெரிய வாடிக்கையாளர். சுரங்கத் தொழிலாளிகள் போடும், முனையில் இரும்பு வைத்த பூட்ஸை மாதம் தவறாமல் ஒரு குட்டித் தீவுக்கு அனுப்புவார். பீர்க்கன்கரணை வீட்டில் மகளின் அட்லஸைப் புரட்டினேன். தீவில் சுரங்கமே இல்லை. மறுநாள் அவரிடமே கேட்டேன். அசரவில்லை.

"பீச் பூரா நண்டு கீது மேடம், காலைக் கடிச்சிடாது?"

ஒரே கையெழுத்து

பணத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது அந்தத் தீவின் வங்கி ஒன்று. அங்கே யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டி வங்கி நடத்தலாமாம், கேட்பாரில்லை. பூட்ஸ் வாங்கும் கம்பெனி எப்படிப்பட்டது என்று அந்த வங்கிக்கு டெலக்ஸ் அடித்தேன். 'மிகவும் நாணயமானவர்கள்' என்று கடிதம் வந்தது. அதைக் கம்பெனியின் ஆர்டரோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். வங்கிக்கும் கம்பெனிக்கும் ஒரே விலாசம், ஒரே போன் நம்பர். கையெழுத்தும் ஒரே ஆளுடையது! இரண்டு காகிதத்தையும் எங்கள் மேனேஜரிடம் நீட்டினேன்.

"நல்லதுதானேம்மா? அவங்க பேங்குக்குன்னு தனியா வெயில்ல அலைய வேண்டாம்."

மேப்

தையல் சரியில்லை என்று ஒரு லோடு திரும்பி வந்தது. கூடவே வந்த கப்பல் ரசீதையும் தணிகாசலத்தின் ஆள் அவசரத்தில் எங்களிடம் கொடுத்துவிட்டார். சரக்கு ஏற்றிய துறைமுகம் டர்பன். அதாவது தென் ஆப்பிரிக்கா. இத்தனை நாள் கையெழுத்துப் போட்டவள் நான்தானே! எல்லாவற்றையும் எழுதி, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

"நம்ம பேப்பர்ல தீவுன்னுதானே இருக்கு? மேப் பாக்கறது என் டியூட்டி இல்ல மேடம்."

புது மார்க்கெட்

அடுத்த வாரமே என்னைப் பென்ஷன் கவுண்டருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வுப் பட்டியல் இரண்டு முறை வந்தது. என் பெயர் இல்லை. சில வருஷத்தில் தடை நீங்கியது. தணிகாசலம் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். மேனேஜரிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் என் கவுண்டருக்கும் வந்து ஒரு ஜாங்கிரியை நீட்டினார்.

"சவுத் ஆப்பிரிக்கா மேடம், புது மார்க்கெட். இப்பத்தான் மொத தபா அனுப்பறோம்."

அத்தனை நாடுகள் சேர்ந்து போட்ட அந்தத் தடையால், எனக்குத் தெரிந்து, நிஜமாகவே தடைபட்டது என் பதவி உயர்வு ஒன்றுதான்.