நிற்கக் கூடாத டிரம்

எங்கள் பக்கத்து வீட்டு இன்பசேகரன் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கட்டிலில் படுத்திருந்தாலும் வலது கால் மட்டும் கீழே தொங்கி, பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். "காலைத் தூக்கி மேல வச்சிப் படுங்கண்ணே, வீங்கிடப் போவுது" என்று நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். சிரிப்பார். கால் அங்கேயேதான் இருக்கும்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் டிரம் ஓட்டியவர் அவர். அந்த டிரம் ஓர் அறை உயரத்துக்கு நிற்கும் மரப் பீப்பாய். உள்ளே தோலையும் சாயத் தண்ணீரையும் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். லோடு உள்ளே இருக்கும்போது டிரம் நின்றுவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்து மொத்தத் தோலும் பாழ். அதனால் கரண்ட் போனால் டிரம் ஆள் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடி ஜெனரேட்டரைப் போட வேண்டும். அப்படி ஓடியே தலை நரைத்தவர். வேலையை விட்டு மகள் ஹெப்சியோடு சத்துவாச்சாரிக்கு வந்த புதிதில், சர்ச்சில் ஃபேன் நின்றால்கூட பிரசங்கத்துக்கு நடுவே பாதி எழுந்துவிடுவாராம். ஹெப்சி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாளாம்.

அந்த மனிதரின் நுரையீரல் சுருங்கிவிட்டது என்று போன வருடம் டாக்டர் சொன்னார். வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்து, மூக்கில் குழாயை மாட்டிப் படுக்க வைத்தார்கள். மெஷின் கரண்டில்தான் ஓடும். அதே ஹாலில், கட்டிலுக்கு எதிரே ஜன்னலோரம் ஹெப்சியின் கம்ப்யூட்டர். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. அவள் கணவன் ஜெஸ்டன் ஓமனில் இருக்கிறான். அப்பாவைப் பார்த்துக்கொண்டே செய்ய அவளுக்கு வேறு வேலை கிடையாது.

கோடை வந்தது, கரண்ட் போக ஆரம்பித்தது. இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று. அதை உறிஞ்சுகிற வாய் இரண்டு. பேட்டரி தீரப்போகும்போது இன்வெர்ட்டர் கீய் கீய் என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் சுவருக்கு இந்தப் பக்கம் நானே அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து ஓடுவேன், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழிக்கு மட்டும்தான் அது.

லாங் பஜார் பக்கத்தில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் தன்சீல் அகமது வந்து பார்த்தார். "பேட்டரி நல்லாத்தாம்மா கீது. ஆக்சிஜன் மெஷினு இழுக்கறத ஒண்ணும் பண்ண முடியாது. அது மட்டும்னா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். கம்ப்யூட்டரைக் கம்மி பண்ணு. அதுலயே செட்டிங் இருக்குதே" என்றார்.

ஹெப்சி உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். வெளிச்சத்தைக் குறைத்தாள். யாரும் தொடாமல் பத்து நிமிஷம் இருந்தால் திரை அணைய வேண்டும், அரை மணியில் கம்ப்யூட்டரே தூங்கிவிட வேண்டும். ஒரேயடியாக அணைத்துவிடலாமே என்று கேட்டேன். "திரும்ப ஆபீஸ் லாகின் பண்றதுக்குள்ள உயிர் போய்டும்க்கா. தூங்க வச்சா, விட்ட இடத்துலயே எழுப்பிக்கலாம்" என்றாள். சரி, சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அடுத்த பவர் கட்டிலும் இன்வெர்ட்டர் அதே நேரத்துக்குக் கத்தியது. அவள் சமையலுக்கும் துவைக்கவும் கடைக்கும் போகிற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் தூங்கத்தானே செய்யும்? பிறகு பேட்டரி எங்கே போகிறது? பத்து நிமிஷத்தை ஐந்தாக்கினாள். அப்புறம் இரண்டு. கடைசியில் ஒரு நிமிஷத்தில் திரை அணைகிற மாதிரி வைத்தாள். அப்போதும் பேட்டரி மிஞ்சவில்லை.

அதைவிடப் பெரிய பயம் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியில் வந்தது. தொண்ணூற்று நாலு காட்டிக்கொண்டிருந்தது தொண்ணூறுக்கு வந்தது. குழாய் மாட்டியிருந்தும் எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் உடனே அட்மிட் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹெப்சி குழாயை மாற்றினாள், மெஷினின் ஃபில்டரைக் கழுவினாள், முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நடுவில் ஓடிவந்து அப்பாவின் உதட்டைப் பார்ப்பாள். நீலமாக இருக்கிறதா, இல்லையா? அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, "சௌந்தரம்க்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்பாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் பாட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு, கால் கீழே தொங்க, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள் வந்தது. கரண்ட் நின்று மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். துணி எடுக்க நானும் அவளும் மாடிக்குப் போனோம். பாதித் துணிகூட எடுக்கவில்லை, கீழே இன்வெர்ட்டர் கத்தியது. இத்தனை சீக்கிரமா? ஹெப்சி துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே நான்.

கட்டிலில் ஆள் இல்லை. மூக்கில் இருக்க வேண்டிய குழாய் தலையணை மேல் கிடந்து காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலோரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கை மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. அவர் உதடு நீலம். இந்த முறை யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தோம். குழாயை மாட்டி விரலில் கருவியை வைத்தால் எண்பத்தொன்று. ஹெப்சி கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள். எண் மெல்ல ஏறுகிற வரை நாங்கள் இருவரும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் வயசைக்கூடப் பார்க்காமல் திட்டினேன்.

"எதுக்குப்பா எழுந்த? இன்னா வேணும் உனக்கு?" என்று அழுதாள் ஹெப்சி.

அவர் மூச்சைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார். "நீ உள்ள போனா... அது நின்னுடுது. உள்ள உன் வேலை இருக்குதே... கெட்டுடுமேன்னு... நான்தான் ஓட்டி விடுவேன். இப்பல்லாம் சும்மா சும்மா நின்னுடுது."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீயே பேஜார்ல இருக்க. இது என் வேலைதானே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. அவர் மூச்சுக்காக அவள் நிமிஷத்தைக் குறைக்கக் குறைக்க, அவர் மூச்சை விட்டுவிட்டு அத்தனை தடவை எழுந்து நடந்திருக்கிறார். மேஜைக்கும் கட்டிலுக்கும் நாலெட்டுதான். அவர் நுரையீரலுக்கு அது மலை.

நல்ல வேளையாக, அன்றைக்குச் சிலிண்டர் தீர்வதற்குள் கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. ஹெப்சி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். திரை இருண்டாலும் வேலை கெடாது, அது சும்மா தூங்குகிறது என்று. தலையை ஆட்டினார். மறுநாள் திரை இருண்டதும் வலது கால் தரையில் ஊன்றியது. "எனக்குப் புரியுதும்மா. இந்தக் காலுக்குத்தான் புரியல" என்றார். அவள் வேறு வழியில்லாமல் செட்டிங்கைத் திறந்து, திரை எப்போதும் அணையவே கூடாது என்று வைத்தாள். அவர் படுத்தார். எண் தொண்ணூற்றுமூன்றுக்கு ஏறியது. ஆனால் கரண்ட் நிற்கிற அடுத்த நாள் என்ன செய்வது? நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். எனக்கும் தூக்கம் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. அன்றைக்கு வேலை சாயங்காலத்துக்கு மேல்தான் என்று ஆபீசுக்கு முன்பே எழுதியிருந்தாள். கரண்ட் போன உடனே கம்ப்யூட்டரை முழுசாக அணைத்தாள். திரை இருண்டது. அவர் பாதம் தரையில் அழுந்தியது, கை குழாய்க்குப் போனது. நான் கட்டில் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் ஹெப்சி அவர் பக்கத்தில் குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, லோடு இறக்கியாச்சு. டிரம்மு காலி."

அவர் மகளைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"கழுவி விட்டியா?"

"கழுவி விட்டாச்சுப்பா."

இன்பசேகரன் அண்ணன் வலது காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்து நீட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.